இயர் 10, 11 பிள்ளைகளோடு இங்கிலாந்து வருகிறவர்களே, கணக்குத் தாளின் கடைசி எழுத்தைப் பாருங்கள்

பள்ளி இடத்துக்கான விண்ணப்பம், முகவரிச் சான்று பற்றியெல்லாம் கவுன்சில் (உள்ளாட்சி மன்ற) இணையதளமே சொல்லிவிடும். தர முறையையும் ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். இயர் 11 முடிவில், பதினாறு வயதுவாக்கில் எழுதும் பொதுத்தேர்வுதான் ஜிசிஎஸ்இ. இங்கிலாந்தில் அதில் பழைய ஏ, பி, சி போய்விட்டது. 2017-இல் ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும், பிறகு படிப்படியாக மற்ற பாடங்களுக்கும் 9 முதல் 1 வரை எண்கள் வந்துவிட்டன. 9தான் உச்சம், 4 வாங்கினால் தேர்ச்சி. ஸ்காட்லாந்தில் தேர்வே வேறு.

என் எரிச்சலெல்லாம் கணிதத்தில்தான். அதில் ஃபவுண்டேஷன் (அடிப்படை), ஹையர் (உயர்நிலை) என்று இரண்டு நிலைகள், தனித்தனி வினாத்தாள்கள். அறிவியலிலும் அயல்மொழிகளிலும்கூட உண்டு. ஃபவுண்டேஷன் எழுதுகிற பிள்ளை ஒரு கேள்வி விடாமல் சரியாகப் போட்டாலும் 5-க்கு மேல் கிடைக்காது. ஊருக்கெல்லாம் ஒரே வினாத்தாள் என்று வளர்ந்த நமக்கு இது தோன்றவே தோன்றாது.

என் தோழியின் மகள் மதுரையில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கணக்கில் நூற்றுக்கு நூறு. இங்கே வயதைப் பார்த்து இயர் 11-இல் சேர்த்தார்கள். ஆங்கிலம் தடுமாறுகிறது என்று கணக்கிலும் கடைசி செட்டில், அதாவது திறன்படி பிரித்த வகுப்புகளில் கடைசியானதில், உட்கார வைத்தார்கள். அந்த செட் முழுவதும் ஃபவுண்டேஷன். அவள் ஊரில் கண்ணை மூடிக்கொண்டு போட்ட இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரம் அந்தப் பாடத்திட்டத்திலேயே கிடையாது! பெற்றோர் சந்திப்பில் ஆசிரியர், "அருமையாகச் செய்கிறாள்" என்றார். தோழி வீட்டுக்கு வந்து கேசரி கிண்டினாள். ஆகஸ்டில் 5 வந்தது. ஏ லெவல் (நம் ஊர் பிளஸ் டூ மாதிரி) கணிதத்துக்கு 7 வேண்டும் என்று அதை நடத்தும் சிக்ஸ்த் ஃபார்மில் சொல்லிவிட்டார்கள். யாரும் பொய் சொல்லவில்லை; கேட்காததை யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். இந்த ஊர் மரியாதை அப்படி.

ஆகவே பிள்ளை மாதிரித் தேர்வுத் தாளைக் கொண்டுவந்தால் மதிப்பெண்ணுக்கு முன்னால் அட்டையில் உள்ள குறியீட்டைப் பாருங்கள். பெரும்பாலான தாள்களில் கடைசி எழுத்து எஃப் என்றால் ஃபவுண்டேஷன், எச் என்றால் ஹையர். எஃப் என்றிருந்தால் அன்றைக்கே கணிதத் துறைத் தலைவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஊர் மதிப்பெண் பட்டியலையும் இணையுங்கள். ஆசிரியரை எதிர்த்துப் பேசுவதாக இங்கே யாரும் எடுத்துக்கொள்வதில்லை. பிப்ரவரியில் தேர்வுப் பதிவு போய்விடும். அதற்குள் பேசி முடியுங்கள். நவம்பரில் மறுதேர்வு இருக்கிறதே என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். ஆனால் ஏ லெவல் வகுப்புகள் செப்டம்பரிலேயே தொடங்கிவிடுகின்றன.