ரோஸ்டர் போடும் முன்பே கேளுங்கள்: ஜெர்மனியில் சம்பளத்தோடு படிப்பு லீவு

ஊரிலிருந்து புதிதாக வரும் நர்ஸ் பிள்ளைகள் என்னிடம் சொல்வது ஒன்றுதான். "அக்கா, ஜெர்மன் மொழியில பி2 லெவல் முடிச்சிட்டுத்தான் வந்தோம். ஆனா டாக்டர் வேகமாப் பேசினா பாதி புரியல. டியூட்டி முடிஞ்சு கிளாஸுக்குப் போகத் தெம்பில்லை." வேலை நாளிலேயே சம்பளத்தோடு படிக்கப் போகலாம் என்றால் நம்ப மாட்டார்கள். இந்த லீவுக்குப் பெயர் பில்டுங்ஸ்உர்லாப். வருடாந்திர விடுமுறையில் இது கழியாது.

சம்பளத்தோடு படிப்பு லீவு பற்றி 1974இல் வந்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 140ஆம் உடன்படிக்கையை ஜெர்மனி 1976இல் ஏற்றது. ஆனால் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பவேரியாவில் அப்படியொரு சட்டமே இல்லை. மியூனிக் தோழிகள் பாவம். நான் வேலை செய்யும் டோர்ட்முண்ட் இருக்கும் நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியாவில் வாரம் 5 நாள் வேலை என்றால் ஆண்டுக்கு 5 நாள். வேலையில் சேர்ந்து 6 மாதம் ஆகியிருக்க வேண்டும். 10 பேருக்கும் குறைவான இடத்தில் கிடைக்காது. எந்த நாட்டு பாஸ்போர்ட் என்று யாரும் பார்ப்பதில்லை. அவுஸ்பில்டுங் எனும் தொழிற்பயிற்சி படிப்பவர்களுக்கு விதி வேறு.

முதலில் வகுப்பைப் பிடியுங்கள். நடத்துபவர் இந்த மாநிலத்தில் அங்கீகாரம் பெற்றவரா என்று கேளுங்கள். ஊருக்கு ஊர் இருக்கும் ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே என்ற பெரியவர்கள் கல்வி மையத்தில் விசாரிப்பது சுலபம். வேலைக்கு உதவும் ஜெர்மன் வகுப்பு தாராளமாகச் செல்லும். (பெர்லினில் 2019இல் யோகா வகுப்புக்கே தொழிலாளர் நீதிமன்றம் சரி சொன்னது!) அங்கீகாரச் சான்றையும், என்ன பாடம், எந்த நேரம் என்ற விவரத்தாளையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து முதலாளிக்குக் கடிதம். வகுப்பு தொடங்க குறைந்தது 6 வாரம் முன்பே எழுத்தில் கொடுக்க வேண்டும். நம்மைப் போல ஷிப்டில் இருப்பவர்கள் அந்த 6 வாரத்தை நம்பி உட்காராதீர்கள். அந்த மாத ரோஸ்டர் போட உட்காரும் முன்பே கொடுத்துவிடுங்கள். போட்ட ரோஸ்டரைக் கலைப்பதில்தான் முகம் சுளிப்பு வரும். தேதியோடு ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். காபி குடிக்கும்போது வார்டு லீடரிடம் சொல்லி வைத்தது கணக்கில் வராது.

முதலாளி மறுக்க நினைத்தால் 3 வாரத்துக்குள், காரணத்தோடு, எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சம்மதம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். மற்றவர்களின் விடுமுறை குறுக்கே வந்தாலோ, வேலை நிஜமாகவே முடங்கும் என்றாலோ மறுக்கலாம். "ஆள் இல்லை" என்று போகிற போக்கில் சொன்னால், அதை எழுதித் தரச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். அப்புறம் பெட்ரீப்ஸ்ராட் என்ற ஊழியர் குழு இருந்தால் அவர்களிடம் காட்டுங்கள்.

வகுப்பு முடிந்ததும் வருகைச் சான்றை அலுவலகத்தில் கொடுங்கள். நடுவில் காய்ச்சல் வந்தால் டாக்டர் சான்று வாங்குங்கள். அந்த நாட்கள் படிப்பு லீவில் கழியாது. கட்டணமும் பயணச் செலவும் நம் கையிலிருந்துதான். ஆனால் வேலைக்கான படிப்பு என்பதால் வரிக் கணக்கில் காட்டலாம், ரசீதுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.