கூரைக்குச் சேனல் எடுக்கும்போது

திருநெல்வேலி மாவட்டத்தில் பணகுடி, ராதாபுரம் பக்கம் ஷெட் போடுகிறவர்கள் பாரத்தை மட்டும் கணக்கிட்டால் போதாது. ஆனி, ஆடிக் காற்று ஷீட்டை மேலே தூக்கும்.

தூணுக்கும் உத்தரத்துக்கும் ஐ.எஸ்.எம்.சி. சேனல் (இந்தியத் தர அளவில் வரும், ஒரு பக்கம் திறந்த 'C' வடிவ இரும்பு). 100×50 மி.மீ. அளவு மீட்டருக்குச் சுமார் 9.56 கிலோ; 6 மீட்டர் நீளம் 57 கிலோவை ஒட்டி வரவேண்டும். 50 கிலோதான் நிற்கிறதென்றால் தகடு மெலிசு. கடையிலேயே எடை போட்டுப் பாருங்கள், கூச்சம் வேண்டாம்.

ஷீட் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லினுக்கு, ஓரம் மடித்த இலேசான சி-பர்லின் போதும். அதன் திறந்த வாய் முகட்டைப் பார்க்க இருக்கட்டும். கீழ்ப்பக்கம் பார்த்தால் பாரம் அதை முறுக்கும். 

போல்ட் போடுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஐ.எஸ்.எம்.சி.யின் இறக்கை (மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் பக்கம்) உட்புறம் சரிவாக இருக்கும். சாதா வாஷர் ஒரு ஓரத்தில்தான் உட்காரும். முறுக்க முறுக்க போல்ட் வளையும். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த சரிவு வாஷர் கேட்டு வாங்குங்கள்.

இரண்டு சேனலை வாயோடு வாய் வைத்துத் தூணாக்கினால், மேல்முனையைத் தகடு வைத்து முழுக்க வெல்டு பண்ணுங்கள். உவரி மாதிரிக் கடலோரத்தில் உள்ளே இறங்கும் நீர் அடியிலிருந்து அரிக்கும், வெளிப் பெயின்ட் பளபளவென்றே இருக்கும்.