மேப்பிள் லீஃப்ஸ் ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ்தான் சொந்த ஐஸ் ஹொக்கி அணி. ஒருமுறையாவது அரங்கில் இருந்து பார்க்க வேண்டும் என்று அவர்கள் கேட்டால், பெற்றோரின் கண் முதலில் போவது விலைக்கு. விலை கூடியதுதான். எந்த ஆட்டம், எந்த ஆசனம், யாரிடமிருந்து என்று பார்க்காமல் அவசரப்பட்டால், கூடிய விலைக்கு மேலேயும் கூட்டிக் கொடுத்தவர்களாவோம்.

லீஃப்ஸின் சொந்த அரங்கான ஸ்கோஷியாபாங்க் அரீனாவில் ஹொக்கிக்குச் சுமார் 18,800 ஆசனங்கள் உண்டு. அவற்றில் பெரும் பங்கு பருவம் முழுவதுக்கும் சீட்டு எடுத்தவர்கள் கையில் இருக்கிறது. அந்தப் பருவச்சீட்டுக்கு நீண்ட காத்திருப்போர் பட்டியல் வேறு. எனவே நம்மில் பெரும்பாலோர் வாங்குவது, அவர்கள் போக முடியாத நாட்களில் திருப்பி விற்கும் டிக்கெட்டைத்தான். கீழே சொல்லும் தவறுகளில் பாதி இந்த மறுவிற்பனையை ஒட்டியே நடப்பவை.

நாளை முதலில் முடிவு செய்வது

"சனிக்கிழமை எல்லோருக்கும் விடுமுறை, அன்றைக்கே போவோம்" என்று தொடங்குவதுதான் அதிகச் செலவு வைக்கும் தவறு. சனி இரவு ஆட்டம் கனடா முழுவதும் தொலைக்காட்சியில் போகும் பெரிய ஆட்டம். எதிரணி மொன்றியல் கனேடியன்ஸ் என்றால் பருவத்திலேயே மிக உயர்ந்த விலைகளில் ஒன்று அன்றைக்குத்தான். அதே ஆசனம், ஒரு செவ்வாய் இரவு அதிகம் பேசப்படாத அணி வரும்போது பாதி விலைக்கும் கீழே இறங்குவதுண்டு.

லீஃப்ஸ் ஆடும் என்.எச்.எல். லீக்கில் 2025-26 பருவம் வரை ஓர் அணிக்கு 82 ஆட்டங்கள். அவற்றில் 41 சொந்த அரங்கில். 2026-27 முதல் அது 84 ஆகிறது, சொந்த அரங்கில் 42. லீக்கில் 32 அணிகள் இருப்பதால் மற்ற 31 அணிகளும் பருவத்தில் ஒருமுறையேனும் ரொறன்ரோவுக்கு வரும். மேற்குப் பக்க அணிகள் பெரும்பாலும் அந்த ஒருமுறையோடு சரி. எட்மன்ரன் வரும் நாளில் விலை ஏறுவதற்கு அதுவே காரணம். அதன் நட்சத்திர வீரர் கொனர் மக்டேவிட்டை இங்கே பார்க்க வேறு நாள் கிடைக்காது. பஃபலோ, ஒட்டாவா, டெட்ரோயிட் போன்ற அதே பிரிவு அணிகள் மீண்டும் வரும். ஒரு நாளை விட்டால் இன்னொரு நாள் இருக்கிறது. ஆகவே அட்டவணையை விரித்து வைத்து, ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை நான்கைந்து கிழமைநாள் ஆட்டங்களைக் குறித்துக்கொண்டு, அவற்றின் விலையை ஒப்பிடுங்கள். பாடசாலை விடுமுறைக் கிழமைகள் மலிவு நாட்களில் சேரா.

மலிவு என்பதற்காகச் செப்டெம்பர் முன்பருவ ஆட்டத்துக்குப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்து போக வேண்டும். அப்போது அணி இளையவர்களைச் சோதித்துப் பார்க்கும். பிள்ளையின் சட்டையில் பெயர் இருக்கும் வீரர் பனியில் இறங்காமலே போகலாம். இரண்டு நாள் தொடர்ந்து ஆட்டம் இருந்தால், ஒரு நாள் முதன்மைக் கோல்காப்பாளருக்கு ஓய்வு கொடுப்பதும் வழக்கம்.

இன்னொரு பிழை கேட்கச் சிறிதாக இருக்கும், ஆனால் முழுக் காசையும் விழுங்கிவிடும். வட அமெரிக்காவில் வருகை தரும் அணியின் பெயரைத்தான் முதலில் எழுதுவார்கள். "லீஃப்ஸ் அட் கனேடியன்ஸ்" என்று போட்டிருந்தால் ஆட்டம் மொன்றியலில். தேடுபெட்டியில் அணியின் பெயரை மட்டும் அடித்தால் வெளியூர் ஆட்டங்களும் கலந்தே வரும். அரங்கின் பெயரையும் நகரத்தையும் பார்த்த பிறகே மேலே போங்கள்.

கண்ணாடிக்கு அருகே என்றால் நல்ல ஆசனம் என நினைப்பது

ஹொக்கித் தளம் 200 அடி நீளம், 85 அடி அகலம். சுற்றிவரப் பலகையும் அதன்மேல் கண்ணாடியும். முதல் இரண்டு மூன்று வரிசைகளில் இருந்தால் வீரர்கள் மோதும் சத்தம் நெஞ்சில் கேட்கும். அது உண்மையிலேயே பெரிய அனுபவம். ஆனால் பக் (வீரர்கள் அடித்து ஆடும் ரப்பர் வில்லை) மறுமுனைக்குப் போனதும் கண்ணாடியின் பிரதிபலிப்பும் இடையில் நிற்கும் ஆட்களும் மறைத்துவிட, பாதி ஆட்டத்தை மேலே தொங்கும் திரையில்தான் பார்க்க வேண்டி வரும். வீரர்கள் அமரும் பெஞ்சுக்கு நேர் பின்னால் என்றால் பயிற்றுநர்கள் நின்றுகொண்டே இருப்பார்கள். கீழ்த்தளத்தின் மூலையில் தாழ்ந்த வரிசையை வாங்குவதைவிட, 300 என்று தொடங்கும் மேல்தளத்தில் நடுக்கோட்டுக்கு நேரான முன்வரிசைகளை எடுப்பதே நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து. பாஸ் எங்கிருந்து கிளம்புகிறது, யார் தனியாக நிற்கிறார் என்பது மேலிருந்து பார்த்தால்தான் விளங்கும். முதன்முறை பார்ப்பவருக்கு அது இன்னும் அவசியம்.

கோலுக்குப் பின்னாலுள்ள பகுதிகளில் கண்ணாடிக்கு மேல் வலை தொங்கும். 2002இல் கொலம்பஸ் நகரில் பக் தாக்கி 13 வயதுச் சிறுமி இறந்தபின் எல்லா அரங்குகளுக்கும் கட்டாயமாக்கப்பட்ட பாதுகாப்பு அது. சில நிமிடங்களில் கண் பழகிவிடும். ஒளிப்படம் எடுப்பவர்களுக்கு மட்டும் தொல்லை. வலை இல்லாத பக்கவாட்டில் சிறு பிள்ளைகளோடு இருந்தால், ஆட்டம் நடக்கையில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

கோல்முனைப் பக்கம் வாங்குகிறவர்கள் பலர் கவனிக்காத ஒன்று: ஆட்டத்தின் மூன்று கட்டங்களில் ஒவ்வொன்றுக்கும் அணிகள் முனை மாறும். ஒரு முனையை நோக்கி லீஃப்ஸ் முதலாம், மூன்றாம் கட்டங்களில் தாக்கும்; மறுமுனைக்கு இரண்டாம் கட்டம் மட்டுமே. ஒரே விலை என்றால் இரண்டு முறை தாக்கும் முனையைக் கேட்டறிந்து எடுங்கள்.

நான்கு பேராகப் போகிறவர்கள் நான்கு ஆசனமும் ஒரே வரிசையில்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் தெரிவு சுருங்கிவிடும். ஒரு வரிசையில் இரண்டு, அதற்கு நேர் பின்வரிசையில் இரண்டு என்று பாருங்கள். ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு இருந்தால் போதுமே.

திரையில் முதலில் தெரியும் தொகையை நம்புவது

விலைகளை ஒப்பிடும்போது தளத்தின் சேவைக் கட்டணமும் 13 விழுக்காடு எச்.எஸ்.டி. விற்பனை வரியும் சேர்ந்த கடைசித் தொகையைத்தான் ஒப்பிட வேண்டும். ஒரு தளத்தில் கட்டணம் முன்பே சேர்ந்திருக்கும், இன்னொன்றில் பணம் செலுத்தும் பக்கத்தில்தான் முழுத் தொகை தெரியும். அமெரிக்க மறுவிற்பனைத் தளம் என்றால் அது எந்த டொலர் என்று கட்டாயம் பாருங்கள். 150 அமெரிக்க டொலர் 200 கனடிய டொலருக்கு மேல் வரும். அதன்மேல் பல கடனட்டைகள் நாணய மாற்றுக்கு 2.5 விழுக்காடு எடுக்கும்.

எப்போது வாங்குவது? கிழமைநாள் ஆட்டங்களுக்கு, ஆட்ட நாள் பின்னேரம் வரை பொறுத்தால் விலை இறங்குவது வழக்கம். டிக்கெட் கையில் தேங்கிவிடும் என்ற பயம் விற்பவருக்கு. பனிப்புயல் நாளில் இன்னும் இறங்கும். ஆனால் மொன்றியல் ஆட்டத்துக்கோ, நான்கு ஆசனம் சேர்ந்து வேண்டும் என்பவர்களுக்கோ இந்த உத்தி உதவாது. கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் ஒற்றையும் இரட்டையும்தான்.

ஸ்கிரீன்ஷாட்டுக்குக் காசு அனுப்புவது

கூடுதலாக ஏமாறும் இடம் இதுதான். லீஃப்ஸ் டிக்கெட் கைபேசியில் மட்டுமே வருவது. டிக்கெட்மாஸ்டர் செயலியில் தெரியும் பார்கோடு சில வினாடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே ஸ்கிரீன்ஷாட்டோ, பீ.டீ.எஃப். கோப்போ, அச்சடித்த தாளோ வாசலில் வேலை செய்யாது. அப்படி ஒன்றைக் காட்டி, "இன்டெராக்கில் காசு போடுங்கள், உடனே அனுப்புகிறேன்" என்று முகநூல் சந்தையிலோ கிஜிஜியிலோ ஒருவர் சொன்னால் விலகிவிடுங்கள். மின்பரிமாற்றமாகப் போய்ச் சேர்ந்த காசைத் திருப்பி எடுக்க முடியாது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். கடனட்டையில் கொடுத்திருந்தால் வங்கியிடம் முறையிடவாவது வழி உண்டு.

தெரிந்தவரிடமிருந்து வாங்கினாலும் டிக்கெட் உங்கள் கணக்குக்கு மாற்றப்பட வேண்டும். அவர் அனுப்பும் மின்னஞ்சல் வந்ததும் அதைத் திறந்து ஏற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் ஏற்கும்வரை அனுப்பியவர் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஏற்றதும் புதிய பார்கோடு உங்கள் பெயரில் உருவாகும், பழையது செல்லாது. டிக்கெட் உண்மையிலேயே உங்களுடையது ஆவது அந்தக் கணத்தில்தான். அறிமுகமற்றவரோடு இவ்வளவு பேரம் எதற்கு? டிக்கெட்மாஸ்டருக்குள்ளேயே இருக்கும் மறுவிற்பனையில் இந்த மாற்றம் தானாக நடக்கிறது.

கூகிளில் தேடும்போது மேலே வரும் விளம்பரங்களிலும் கவனம் தேவை. அரங்கின் பெயரையும் படத்தையும் போட்டு, அதிகாரபூர்வச் சாளரம் போலத் தோற்றம் காட்டும் மறுவிற்பனைத் தளங்கள் இருக்கின்றன. அணியின் சொந்தத் தளத்திலிருந்து இணைப்பைப் பிடித்துப் போவது பாதுகாப்பு. கணக்கில் முன்கூட்டியே உள்நுழைந்து கடனட்டை விவரத்தையும் சேர்த்து வைத்தால், விற்பனை நாளில் வரிசையில் நின்று உள்ளே போனபிறகு நேரம் வீணாகாது. டிக்கெட்டை வீட்டிலிருந்து புறப்படுமுன் கைபேசியின் வாலெட்டில் சேர்த்துவிடுங்கள். வாசலில் கூட்டத்தின் நடுவே இணையம் இழுத்துக்கொண்டு நிற்கும்.

பருவ முடிவில் வரும் பிளேஓஃப் (வெளியேற்றுச் சுற்று) டிக்கெட்டில் "ஹோம் கேம் 3" என்று மட்டும் போட்டிருந்தால் அது நடக்காமலும் போகலாம். தொடர் முன்கூட்டியே முடிந்தால் காசு திரும்ப வரும். அதுவரை காசு முடங்கிக் கிடக்கும். பயணச்சீட்டையும் விடுதியையும் அதை நம்பிப் பதிவு செய்யாதீர்கள்.

ஆறேழு வயதுப் பிள்ளைக்கு இதுவே முதல் ஹொக்கி என்றால், லீஃப்ஸ்தான் வேண்டுமா என்று ஒருமுறை யோசியுங்கள். ஒவ்வொன்றும் 20 நிமிடமான மூன்று கட்டங்கள், நடுவில் இரண்டு இடைவேளை. எல்லாம் சேர்ந்து இரண்டரை மணி நேரம், முடிய இரவு ஒன்பதரை தாண்டும். லீஃப்ஸின் இளைய அணியான மார்லீஸும், பெண்கள் லீக்கின் ரொறன்ரோ செப்டர்ஸும் எக்ஸிபிஷன் பிளேஸில் உள்ள கோகோ கோலா கொலிசியத்தில் ஆடுகின்றன. அரங்கு சிறியது, கடைசி வரிசையிலிருந்தும் பக் தெளிவாகத் தெரியும், வார இறுதிப் பகல் ஆட்டங்களும் உண்டு. லீஃப்ஸின் ஓர் ஆசன விலையில் அங்கே பெரும்பாலும் குடும்பமாகவே போய் வரலாம். யூனியனிலிருந்து 509 ஸ்ட்ரீட்கார், அல்லது லேக்‌ஷோர் வெஸ்ட் கோ ரயிலில் எக்ஸிபிஷன் நிலையம்.