அமெரிக்காவில் இசை முதுநிலைப் படிப்பு: விண்ணப்பத்தில் எங்கெங்கே சறுக்குகிறார்கள்?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இசை முதுநிலைப் படிப்புக்குக் கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பர் 1. சில இடங்களில் டிசம்பர் நடுவில் வரும், ஆராய்ச்சிப் பிரிவுகளில் ஜனவரி வரைகூடப் போகும். இந்தத் தேதியைப் பார்த்துவிட்டு அக்டோபரில் வேலையைத் தொடங்குபவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். வேறு துறைகளில் அந்த நாளுக்குள் படிவமும் கட்டுரையும் போய்ச் சேர்ந்தால் போதும். இசையிலோ அதே நாளில் வாசித்துப் பதிவு செய்த வீடியோவும் போயாக வேண்டும். பதிவுக்கு முன்னால் எதை வாசிப்பது என்று முடிவாகியிருக்க வேண்டும், அதற்கும் முன்னால் யாரிடம் படிப்பது என்று ஓரளவாவது தெரிந்திருக்க வேண்டும். பின்னோக்கி எண்ணிப் பார்த்தால் கணக்கு இப்படி வரும்: நவம்பர் நடுவுக்குள் பதிவு, ஆகஸ்டுக்குள் வாசிக்க வேண்டியவற்றின் பட்டியல், மே முதல் செப்டம்பர் வரை ஆசிரியர்களுடன் தொடர்பு.

பட்டத்தின் பெயரைக் கவனிக்காதது

எம்.எம். (மாஸ்டர் ஆஃப் மியூசிக்) என்பது வாசிப்பு, பாட்டு, இசையமைப்பு, கண்டக்டிங் (இசைக்குழுவை வழிநடத்துவது) போன்ற செயல்முறைப் படிப்பு. எம்.ஏ. பெரும்பாலும் இசையியல், இன இசையியல் (பல சமூகங்களின் இசையை அவர்கள் வாழ்வோடு சேர்த்து ஆராய்வது), இசைக் கோட்பாடு பக்கம். அதற்கு மேலே போனால் வாசிப்பவர்களுக்கு டி.எம்.ஏ. என்ற முனைவர் பட்டம், ஆராய்ச்சிக்குப் பி.எச்டி. இசையமைப்பு மட்டும் பள்ளிக்குப் பள்ளி இரண்டு பெயரிலும் இருக்கும். பெயர் மாறினால் விண்ணப்பத்தைப் படிக்கும் குழுவே மாறிவிடும்.

யேல் இதற்கு நல்ல உதாரணம். எம்.எம்., டி.எம்.ஏ. படிப்புகள் அங்கே ஸ்கூல் ஆஃப் மியூசிக்கில் இருக்கின்றன. பி.எச்டி. தருவது இசைத் துறை, அது கலை அறிவியல் பட்டமேற்படிப்புப் பள்ளியின் கீழ் வருகிறது. விண்ணப்பம் தனி, குழு தனி. ஆராய்ச்சி செய்ய விரும்புபவர் தவறான வாசலில் போய் நின்றால், அங்கிருந்து யாரும் கோப்பை எடுத்து அடுத்த கட்டடத்துக்கு அனுப்பி வைக்க மாட்டார்கள்.

கர்நாடக இசை பயின்றவர்கள் ‘வாய்ஸ் பெர்ஃபார்மன்ஸ்’ என்ற பெயரைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு. அது ஓபராவும் மேற்கத்தியக் கலைப் பாடலும் பாடுபவர்களுக்கான படிப்பு. இத்தாலியம், ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் என்று நான்கு மொழிகளில் பாடிக் காட்டச் சொல்வார்கள். கர்நாடகப் பின்னணியோடு போக இன இசையியல் துறைகளே பொருத்தம். கனெக்டிகட்டில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கர்நாடக இசை 1960-களிலிருந்தே கற்பிக்கப்பட்டு வருகிறது.

பள்ளியைப் பார்த்து ஆசிரியரை மறப்பது

வாசிப்புப் படிப்பில் நீங்கள் சேர்வது உண்மையில் ஓர் ஆசிரியரின் ஸ்டுடியோவில். வாரம் ஒரு மணி நேரம் தனிப் பாடம் அவரிடம்தான். ஒரு ஸ்டுடியோவில் இத்தனை மாணவர்தான் என்று வரம்பு உண்டு. இந்த ஆண்டு யாரும் படிப்பை முடித்து வெளியேறவில்லை என்றால் அந்த ஆசிரியரிடம் இடமே இருக்காது. அவர் ஓய்வுபெறப் போகலாம், ஓராண்டு விடுப்பில் இருக்கலாம். இதெல்லாம் இணையதளத்தில் வராது, கேட்டால்தான் தெரியும்.

கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. ‘உங்கள் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தில்’ என்று தொடங்கும் நீண்ட மின்னஞ்சலை ஆசிரியர்கள் இரண்டாவது வரியிலேயே மூடிவிடுகிறார்கள். தலைப்பு வரியில் கருவி, பட்டம், எந்த ஆண்டுச் சேர்க்கை என்ற மூன்றும் இருக்கட்டும். உள்ளே ஐந்தாறு வரி போதும்: இப்போது யாரிடம் படிக்கிறீர்கள், என்ன வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள், ஒரு வீடியோ இணைப்பு, பிறகு இரண்டு கேள்விகள். அடுத்த ஆண்டு இடம் இருக்குமா? ஆன்லைனில் ஒரு மாதிரிப் பாடம் எடுக்க முடியுமா, கட்டணம் எவ்வளவு? இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டலாம். செப்டம்பருக்குப் பிறகு எழுதினால் அவர்களுக்கும் நேரம் இருக்காது.

மாதிரிப் பாடத்தில் திறமையைக் காட்ட முயல்வது வீண். ஆசிரியர் ஒரு திருத்தம் சொன்னால் அதை அங்கேயே எவ்வளவு வேகமாகக் கைக்குக் கொண்டுவருகிறீர்கள் என்பதைத்தான் அவர் கவனிக்கிறார்.

முதல்சுற்று வீடியோ

நேரடி ஆடிஷனுக்கு யாரை அழைப்பது என்று இந்த வீடியோவை வைத்துத்தான் வடிகட்டுகிறார்கள். அதிகம் பேர் வெளியேறுவது இங்கேதான். அதுவும் வாசிப்பில் குறை இல்லாமலே.

போனிலேயே பதிவு செய்வது முதல் சிக்கல். படம் நன்றாக வரும், ஒலிதான் கெட்டுப்போகும். போனின் மைக் ஒலி அளவைத் தானாகவே ஏற்றி இறக்கும். மென்மையாக வாசித்த இடத்தைத் தூக்கும், உரக்க வாசித்த இடத்தை அமுக்கும். நீங்கள் உழைத்துக் கொண்டுவந்த ஏற்ற இறக்கம் எல்லாம் ஒரே மட்டமாகக் கேட்கும். கேட்பவர் ‘டைனமிக்ஸ் இல்லை’ என்று எழுதி வைப்பார். கையடக்கமான ஸ்டீரியோ ரெக்கார்டர் ஒன்று போதும். தானியங்கி அளவை அணைத்துவிட்டு, பதிவில் வரப்போகும் மிக உரத்த பகுதியை வாசித்துப் பார்த்து, அது ரெக்கார்டரின் அளவுகாட்டியில் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி கெயினை (பதிவு அளவை) வையுங்கள். கருவியிலிருந்து இரண்டு முதல் நான்கு மீட்டர் தள்ளி, தலை உயரத்துக்குச் சற்று மேலே ரெக்கார்டர் இருக்கட்டும். அறை ரொம்பச் சின்னதாக இருந்தால் எந்த ரெக்கார்டரும் காப்பாற்றாது.

தனியாக எடுத்த ஒலியை வீடியோவோடு சேர்ப்பதைப் பல பள்ளிகள் அனுமதிக்கின்றன, விதியை ஒருமுறை படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். தொடக்கத்தில் ஒருமுறை கை தட்டினால் இரண்டையும் பொருத்துவது சுலபம். பொருத்தம் சற்றுப் பிசகினாலும் வில்லும் ஒலியும் வேறு வேறாகத் தெரியும், ஒட்டு வேலை என்ற சந்தேகம் வந்துவிடும். ஒரு படைப்பின் ஓர் இயக்கத்துக்கு (மூவ்மென்ட்) நடுவில் வெட்டி ஒட்டவே கூடாது. வேறு வேறு படைப்புகளை வேறு வேறு நாளில் எடுக்கலாம்.

கேமரா கிடைமட்டமாக இருக்க வேண்டும். பியானோவுக்கு வலது பக்கத்திலிருந்து, இரண்டு கையும் முழு விசைப்பலகையும் தெரியும்படி. வயலினுக்கு வலது கை வில்லின் நுனிவரை ஃபிரேமுக்குள் வர வேண்டும், மியூசிக் ஸ்டாண்ட் இடது கையை மறைக்கக் கூடாது. பாடகர் கேமராவை நோக்கி நிற்கட்டும், பக்கவாத்தியக்காரரைத் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டாம். பக்கவாத்தியம் எழுதப்பட்ட படைப்பை அது இல்லாமல் வாசித்து அனுப்புவதை ஏற்பார்களா என்பதும் பள்ளிக்குப் பள்ளி மாறும். ஜாஸ் என்றால் முன்பே பதிவான தடத்துக்கு வாசிப்பதை விட உயிரோடு வாசிக்கும் ரிதம் செக்‌ஷன் (பியானோ, பாஸ், டிரம்ஸ் போன்றவை) பெரிய வித்தியாசம் காட்டும்.

வரிசை உங்கள் கையில் இருந்தால் மிகத் தேறியதை முதலில் வையுங்கள். குழு முழுவதையும் கேட்கும் என்று நம்ப வேண்டாம். இன்னொன்று: கடினமான படைப்பு மதிப்பெண் தரும் என்பது பொய். தடுமாறும் பெரிய கான்செர்ட்டோவைவிட, ஸ்ருதியும் லயமும் சுத்தமாக நிற்கும் ஒரு மோட்சார்ட் நூறு மடங்கு மேல். ஆர்க்கெஸ்ட்ரா எக்ஸர்ப்ட் (ஆர்க்கெஸ்ட்ராப் படைப்பிலிருந்து உங்கள் கருவிக்கான சிறு பகுதி) கேட்டிருந்தால் அதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். ஒரே பக்கம் என்றாலும், லயம் ஆடுகிறதா என்பது அதில் ஒளியாது.

கடைசியாக, கோப்பு. யூடியூபில் ‘பிரைவேட்’ என்று வைத்து இணைப்பை அனுப்பினால் எதிரில் இருப்பவருக்கு வெறும் கறுப்புத் திரைதான் வரும். ‘அன்லிஸ்டட்’ என்று வையுங்கள். கணக்கிலிருந்து வெளியே வந்து வேறொரு பிரவுசரில் திறந்து பாருங்கள். நேரடியாகப் பதிவேற்றும் பள்ளிகளில் பெரிய கோப்பு ஏறவே மணிக்கணக்காகும், கடைசி இரவில் எல்லோரும் ஏற்றிக்கொண்டிருப்பார்கள்.

நேரடி ஆடிஷன்

முதல்சுற்று முடிவு பெரும்பாலும் ஜனவரி தொடக்கத்துக்குள் வரும், நேரடி ஆடிஷன் ஜனவரி பிற்பகுதியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை. வீடியோவுக்கு ஒரு பட்டியல், ஆடிஷனுக்கு வேறொரு பட்டியல் என்று வைத்துக்கொள்பவர்கள் இரண்டையும் அரைகுறையாகத் தயார் செய்கிறார்கள். எல்லாப் பள்ளிகளின் தேவையையும் ஒரு தாளில் எழுதி, அதிகப் பள்ளிகளுக்குப் பொருந்தும் ஒரே தொகுப்பைத் தேர்ந்தெடுங்கள்.

பாடகர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. பள்ளி தரும் பியானோ கலைஞர் உங்கள் ஸ்கோரை அன்றைக்குத்தான் முதல்முறை பார்ப்பார். நகல் எடுக்கும்போது பக்கத்தின் அடிப்பகுதி வெட்டுப்பட்டு, கடைசி வரியில் இடது கை ஸ்வரங்கள் போய்விடுவது அடிக்கடி நடக்கிறது. அவர் அந்த இடத்தில் தடுமாறுவார், நீங்கள் பாட்டை இழப்பீர்கள். இருபக்க நகல், கோப்பில் போட்டு, விடவேண்டிய பகுதிகளைத் தெளிவாகக் குறித்து, நீங்கள் பாடும் சுருதியில் கொடுங்கள். முதல் பாட்டை நீங்கள் தேர்ந்தெடுப்பீர்கள், அடுத்ததைப் பொதுவாகக் குழு கேட்கும். நடுவில் நிறுத்தச் சொன்னால் கலங்க வேண்டாம். அவர்களுக்கு வேண்டியதைக் கேட்டாகிவிட்டது, நேரமும் குறைவு.

மேடையேறாத பிரிவுகள்

இசையமைப்புக்கு மூன்று நான்கு படைப்புகள் கேட்பார்கள். கணினி ஒலியில் செய்த பதிவை மட்டும் அனுப்புவது பலவீனம், உயிருள்ள கலைஞர் வாசித்த பதிவு ஒன்றாவது இருக்கட்டும். குழு ஸ்கோரைப் புரட்டிக்கொண்டேதான் கேட்கிறது. கருவிப் பட்டியலும் நேர அளவும் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும், எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கக் கூடாது.

கண்டக்டிங் விண்ணப்பத்தில் கச்சேரியைப் பார்வையாளர் வரிசையிலிருந்து எடுத்து அனுப்புகிறார்கள். அதில் முதுகுதான் தெரியும். கேமரா வாத்தியக்காரர்களுக்குப் பின்னால், உங்கள் முகத்தையும் கைகளையும் நோக்கி இருக்க வேண்டும். ஒத்திகை வீடியோ கேட்டால் வெறுமனே கைவீசிக்கொண்டு போகும் பகுதியை அனுப்பாதீர்கள். நிறுத்தி, குறையைச் சொல்லி, மறுபடி வாசிக்க வைத்து, அது சரியாகும் பகுதியை அனுப்புங்கள்.

இசையியலுக்கு எழுத்து மாதிரிதான் ஆடிஷன். 15 முதல் 25 பக்கம் வழக்கம். நீண்ட ஆய்வேட்டிலிருந்து நடுவே ஒரு துண்டை வெட்டி அனுப்பினால் வாதம் எங்கே தொடங்குகிறது என்றே புரியாது. வெட்டியதற்குப் புதிதாக ஒரு பக்க முன்னுரை எழுதுங்கள். நோக்க அறிக்கையும் இந்தப் பிரிவில்தான் கனமாகப் படிக்கப்படுகிறது. ‘ஐந்து வயதிலிருந்தே இசை என் உயிர்’ என்ற தொடக்கத்தை விட்டுவிட்டு, என்ன கேள்வியை ஆராயப் போகிறீர்கள், அந்தத் துறையில் யாருடைய பணியோடு அது சேரும் என்று எழுதினால் போதும்.

தாள் வேலை

பல பல்கலைக்கழகங்களில் பட்டமேற்படிப்புப் பள்ளிக்கு ஒரு விண்ணப்பம், இசைப் பள்ளிக்கு இன்னொன்று. கட்டணமும் இரண்டு முறை போகலாம். ஒன்றை அனுப்பிவிட்டு முடிந்தது என்று இருப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. பரிந்துரைக் கடிதத்துக்கான இணைப்பு சில தளங்களில் மின்னஞ்சல் முகவரியைப் பதிந்தவுடன் போகும், சிலவற்றில் நீங்கள் முழு விண்ணப்பத்தையும் சமர்ப்பித்த பிறகுதான் போகும். இரண்டாவது வகையில் நவம்பர் 30 இரவு சமர்ப்பித்தால் ஆசிரியருக்கு ஒரு நாள்தான் மிஞ்சும். கடிதத்தைப் பார்க்கும் உரிமை 1974-ஆம் ஆண்டின் ஃபெர்பா என்ற மாணவர் கல்விப் பதிவுச் சட்டப்படி மாணவருக்கு உண்டு. அதை விட்டுக்கொடுப்பதாகப் படிவத்தில் குறிப்பதுதான் நடைமுறை, அப்போதுதான் கடிதத்துக்கு மதிப்பு. மூன்றாண்டு இளநிலைப் பட்டம் பெற்றவர்கள், நான்காண்டுப் பட்டத்துக்குச் சமமாக அது ஏற்கப்படுமா என்று பட்டமேற்படிப்பு அலுவலகத்தில் எழுதிக் கேட்டுவிடுங்கள். டோஃபல் ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும்.

பணம்

வெளிநாட்டு மாணவர்களுக்கு அமெரிக்க அரசின் கல்விக் கடனுதவி கிடையாது. மிஞ்சுவது அசிஸ்டன்ட்ஷிப்பும் (பல்கலைக்கழகத்தில் வேலை செய்து பெறும் பண உதவி) பள்ளி தரும் உதவித்தொகையும். அசிஸ்டன்ட்ஷிப்புக்குப் பல இடங்களில் தனிப் படிவம், சில இடங்களில் அதற்கு முன்கூட்டிய கடைசித் தேதி. பேசும் ஆங்கிலத்துக்குத் தனி மதிப்பெண் வரம்பும் இருக்கலாம். கற்பிப்பது ஒன்றுதான் வேலை என்று நினைக்க வேண்டாம். நூலகம், ஒலிப்பதிவு அறை, கச்சேரி அரங்கு, பக்கவாத்தியம் என்று பல இடங்கள் உண்டு. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் பருவ நாட்களில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம், முழு அசிஸ்டன்ட்ஷிப்பே பெரும்பாலும் அதை நிரப்பிவிடும்.

சலுகைக் கடிதம் வந்தால் படிப்புக் கட்டணம் முழுவதும் தள்ளுபடியா, வெளிமாநிலக் கூடுதல் மட்டுமா என்று பாருங்கள். வளாகக் கட்டணமும் மருத்துவக் காப்பீடும் பெரும்பாலும் தனி. எத்தனை ஆண்டுக்கு உத்தரவாதம், கோடையில் சம்பளம் உண்டா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். யேல் ஸ்கூல் ஆஃப் மியூசிக் போல, 2005-ல் வந்த 10 கோடி டாலர் நன்கொடைக்குப் பிறகு யாரிடமும் படிப்புக் கட்டணம் வாங்காத இடங்கள் சில உண்டு. அங்கேயும் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் நீங்கள்தான் வழி பார்க்க வேண்டும்.

பண உதவியோடு வந்த சலுகைக்கு ஏப்ரல் 15-க்கு முன் பதில் சொல்லக் கட்டாயப்படுத்துவதில்லை என்று பட்டமேற்படிப்புப் பள்ளிகள் கவுன்சிலின் தீர்மானத்தில் பல பல்கலைக்கழகங்கள் கையெழுத்திட்டிருக்கின்றன. எல்லாக் கன்சர்வேட்டரிகளும் (தனி இசைக் கல்லூரிகள்) அதில் இல்லை. ‘வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்’ என்று ஒருவர் அவசரப்படுத்தினால் முதலில் கையெழுத்திட்டவர்களின் பட்டியலில் அந்தப் பள்ளி இருக்கிறதா என்று பாருங்கள்.

இடம் உறுதியானபின் வரும் தவறு ஒன்று மிச்சம். வகுப்பு தொடங்கும் வாரத்தில் இசைக் கோட்பாடு, செவிப் பயிற்சி, இசை வரலாறு ஆகியவற்றில் ஒரு தகுதித் தேர்வு நடக்கும். தேறாவிட்டால் துணைப் பாடம் எடுக்க வேண்டும். அதன் கிரெடிட் பெரும்பாலும் பட்டத்துக்குச் சேராது, நேரமும் கட்டணமும் மட்டும் போகும். நான்கு குரல் ஹார்மனியும் ரோமன் எண் பகுப்பாய்வும் கை மறந்திருந்தால் மே மாதமே நோட்டை எடுத்துவிடுங்கள். மாதிரி வினாத்தாளைப் பல பள்ளிகள் தங்கள் தளத்திலேயே போட்டிருக்கின்றன.