பெண் எலியில் நார்அட்ரினலின், எல்.எச். சோதனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒவ்வொரு ஆண்டும் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். குழாயில் லேபிள் மாறுவது போன்றவை பழகப் பழகச் சரியாகிவிடும். மூளையில் நரம்புச் செய்தி கடத்தும் நார்அட்ரினலின், கருமுட்டையை வெளிவரச் செய்யும் பிட்யூட்டரி ஹார்மோனான எல்.எச்.ஐ (லூட்டினைசிங் ஹார்மோன்) எப்படி மாற்றுகிறது என்று பார்க்கும் இந்தச் சோதனையில், மொத்த உழைப்பையும் வீணாக்குகிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ஈஸ்ட்ரோஜனை மறப்பது

சூலகம் அகற்றிய எலி எல்லோருக்கும் பிடிக்கும். சுழற்சித் தொல்லை இல்லை, எல்.எச். உயர்ந்தே இருக்கும், அளப்பதும் சுலபம். அதன் மூளைக்குள் திரவம் நிறைந்த அறையில் நார்அட்ரினலின் செலுத்தினால் எல்.எச். துடிப்புகள் அடங்கிவிடும். ஒரு மாணவி அப்படியொரு வரைபடத்தைக் கொண்டுவந்து, "நார்அட்ரினலின் எல்.எச். சுரப்பைத் தடுக்குது சார்" என்றார்.

"ஈஸ்ட்ரடையால் கொடுத்த குழு எங்கேம்மா?"

"அது வைக்கல சார்."

அதே எலிக்கு முன்கூட்டியே சூலக ஹார்மோன்களான ஈஸ்ட்ரோஜனும் (ஈஸ்ட்ரடையால் அதில் ஒரு வகை) புரோஜெஸ்ட்ரோனும் கொடுத்திருந்தால், அதே நார்அட்ரினலின் எல்.எச். அளவை ஏற்றியிருக்கும். கருமுட்டை வெளிவருவதற்கு முந்தைய எல்.எச். எழுச்சிக்கு நார்அட்ரினலின் துணை நிற்பது பெரும்பாலும், அது செல்களில் ஒட்டும் இடங்களான ஆல்ஃபா-1 ஏற்பிகள் வழியாக. ஆனால் அந்தத் தூண்டல் வெளிப்பட ஈஸ்ட்ரோஜன் பின்னணி வேண்டும். இது 1970களிலேயே தெரிந்துவிட்ட விஷயம். இன்றும் பாதிச் சோதனையைச் செய்துவிட்டு முழு முடிவு எழுதுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அத்தனை எலிகளின் உயிர் அதில் போயிருக்கிறது. ஹார்மோன் இல்லாமல் வெறும் எண்ணெய் வைத்த ஒரு குழு, ஈஸ்ட்ரடையால் வைத்த ஒரு குழு, இரண்டும் கட்டாயம். முடிவை எழுதும்போதும் எந்த நிலையில் கிடைத்தது என்பதை அதே வாக்கியத்தில் சொல்லுங்கள்.

நேரம் தவறுவது

எவரெட், சாயர், மார்க்கீ என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1949இல் காட்டியது இது: சுழற்சியில் கருமுட்டை வெளிவருவதற்குச் சற்று முந்தைய கட்டமான புரோஈஸ்ட்ரஸ் நாளில் பிற்பகல் 2 மணிக்கு முன் அட்ரினலின் தடுப்பு மருந்தான டைபெனமின் கொடுத்தால் கருமுட்டை வெளிவராது, 4 மணிக்குக் கொடுத்தால் பயனில்லை. சரி, உங்கள் அறையிலும் 2 மணிதானா? விளக்கு எரியும் நேரத்தை வைத்துக் கணக்கிடுங்கள், சுவர்க் கடிகாரத்தை வைத்து அல்ல.

ஒரே நாள் ஸ்மியர்

சுழற்சியின் கட்டத்தை அறிய யோனிச் செல்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் ஸ்மியர். ஒரே நாள் பார்த்தால் போதாது. 4 அல்லது 5 நாள் சுழற்சி அடுத்தடுத்து இரண்டு முறையாவது ஒழுங்காக வந்த எலியை மட்டும் எடுங்கள்.

சைலசீன் மயக்கம்

இந்த மயக்க மருந்து நார்அட்ரினலினின் ஆல்ஃபா-2 ஏற்பிகளைத் தானே தூண்டிவிடும். இந்தச் சோதனையில் வேண்டாம்.

வயிற்றில் ஊசி

வயிற்றில் போட்ட நார்அட்ரினலின் ரத்த-மூளைத் தடையைத் தாண்டி மூளைக்குள் செல்லாது.

பிடித்து அமுக்கி ரத்தம் எடுப்பது

பயந்த எலியின் உடம்பே நார்அட்ரினலினைக் கொட்டும். அப்புறம் நீங்கள் அளப்பது மருந்தின் விளைவா, பயத்தின் விளைவா என்று பிரிக்க முடியாது. கழுத்துச் சிரையில் முன்கூட்டியே குழாய் பொருத்தி, எலி தேறிய பிறகு, கூண்டிலேயே அதைத் தொடாமல் எடுங்கள்.