நெல்லைச் சீமையில் பூர்வீக ஊர் தேடுகிறவர்களுக்கு

தாத்தாவின் பழைய கடிதத்தில் ‘திருநெல்வேலி ஜில்லா’ என்று இருந்தால், அதை அப்படியே வைத்துக்கொண்டு இன்றைய வரைபடத்தில் தேடாதீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர் பக்கமெல்லாம் 1910-லேயே இராமநாதபுரம் ஜில்லாவோடு சேர்ந்துவிட்டது. செங்கோட்டை 1956-ல்தான் மலையாள ராஜ்யத்திலிருந்து இங்கே வந்தது. 1986-ல் தூத்துக்குடியும் 2019-ல் தென்காசியும் தனி மாவட்டங்கள் ஆயின. கோவில்பட்டியோ திருச்செந்தூரோ பூர்வீகம் என்றால் நீங்கள் போக வேண்டிய தாலுகா அலுவலகம் தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. சங்கரன்கோவில், கடையநல்லூர் என்றால் தென்காசி. சிங்கப்பூரில் மூன்று தலைமுறையாக இருக்கும் கடையநல்லூர்க் குடும்பங்கள் பல இன்னும் ‘திருநெல்வேலி’ என்றே சொல்வார்கள். சொல்லட்டும். பட்டா கேட்டு அலையும்போது மட்டும் புது மாவட்டப் பெயரைச் சொல்லுங்கள்.

ஊர்ப் பெயர் கிடைத்ததும் விசாரிக்க வேண்டிய முதல் விஷயம், அந்த ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது. ஆற்று வாய்க்காலா, மழைக் குளமா, கிணறா, ஒன்றுமே இல்லாத மானாவாரியா? முன்னோர் என்ன விதைத்தார்கள், யார் யார் அங்கே குடியேறினார்கள், ஏன் கப்பல் ஏறினார்கள் என்பதில் பாதிக் கதை அதிலேயே தெரிந்துவிடும்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு மலிவான வழி உண்டு. நெல்லை ஜங்ஷனிலிருந்து திருச்செந்தூர் போகும் பாசஞ்சர் ரயிலில் இடப்பக்க ஜன்னலைப் பிடித்து உட்காருங்கள். சுமார் ஒன்றரை மணி நேரம். பாளையங்கோட்டை தாண்டியதும் செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று வயலும் வாழையுமாக வரும். பொதிகையில் பிறக்கும் தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டத்தில். அவற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்கள் குளங்களை நிரப்பி, குளங்கள் வயலை நிரப்பி, காரும் பிசானமுமாக இரண்டு போகம் விளைந்த பூமி இது. கோவில்களும் அக்கிரகாரங்களும் பெரிய தெருக்களும் இங்கே வரிசையாக இருப்பதற்கு அந்த நெல்தான் காரணம். நவதிருப்பதிகள் என்னும் ஒன்பது பெருமாள் கோவில்களும் இந்த ஆற்றை ஒட்டியே இருப்பதைப் பாருங்கள்.

நேரம் இருந்தால் பழைய இடுகாடான ஆதிச்சநல்லூரையும் பார்க்கலாம். செய்துங்கநல்லூரில் இறங்கி ஆட்டோ பிடித்தால் போதும். நெல் விளையும் மண்ணை விட்டுவிட்டு, ஒன்றும் விளையாத பரம்பு மேட்டில் இறந்தவர்களைத் தாழிகளில் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். எங்கே குடியிருப்பது, எங்கே உழுவது, எங்கே அடக்கம் செய்வது என்று இரும்புக் காலத்திலேயே கணக்குப் போட்டிருக்கிறார்கள். தோண்டிய குழிகளைக் கண்ணாடித் தரைக்குக் கீழே அப்படியே காட்டும் அருங்காட்சியகமும் அங்கே இருக்கிறது.

நாசரேத்துக்குத் தெற்கே போனால் காட்சி மாறும். சிவந்த மணல், பனை, அப்புறம் தேரி எனப்படும் செம்மணல் மேடுகள். வாய்க்கால் எட்டாத மண் என்பதால் பனையேறித்தான் பிழைப்பு, பதநீர், கருப்பட்டி. ஊர்ப் பெயர்கள் ‘விளை’ என்று முடிய ஆரம்பிக்கும். புதிதாகக் கிறிஸ்தவம் தழுவியவர்கள் 1799-ல் தங்களுக்கென்று உண்டாக்கிக்கொண்ட ஊர் முதலூர். போனால் தேங்காய்ப்பால் மஸ்கோத் அல்வாவை விட்டுவிட வேண்டாம்; என் கட்சி, டவுன் அல்வாவைவிட அதுதான். ரயிலிலேயே தொடர்ந்தால் ஆறுமுகநேரி உப்பளங்களும், இலங்கையோடும் தூர தேசங்களோடும் வியாபாரம் செய்த காயல்பட்டினமும் வரும்.

முத்துக்குப் பேர்போன கொற்கை இன்று கடலைவிட்டு உள்ளே தள்ளி வயல் நடுவே இருக்கிறது. ஆறு வண்டலைக் கொட்டக் கொட்டக் கடல் விலகியது. துறைமுகமும் பழையகாயல், புன்னைக்காயல், தூத்துக்குடி என்று இடம் மாறியது. பிழைப்புக்காக ஜனங்களும் கூடவே நகர்ந்தார்கள்.

வடக்கே கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் கரிசல். வானம் பார்த்த பூமி. நாயக்கர் காலத்தில் வந்து குடியேறிய தெலுங்கு பேசும் சம்சாரிகள் (விவசாயிகள்) இங்கே நிறைய. தூத்துக்குடி வழியாக இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களிலும் இப்படிப்பட்ட மானாவாரி ஊர்க்காரர்கள் ஏராளம்.

ஊரே தெரியவில்லை என்றால் குலசாஸ்தாவை, அதாவது குடும்பம் வழிவழியாகக் கும்பிடும் சாஸ்தாவைத் தேடுங்கள். நெல்லைக்காரர்கள் பிழைப்புக்கு எங்கே போனாலும் பங்குனி உத்திரத்துக்குத் தங்கள் சாஸ்தா கோவிலுக்கு வந்துவிடுவார்கள். கோவில் பெரும்பாலும் ஏதாவது ஒரு குளத்தங்கரையிலோ வயற்காட்டிலோ இருக்கும். இப்போது குடும்பம் இருக்கும் ஊர் வேறு, சாஸ்தா இருக்கும் ஊர் வேறு என்றால், முன்னோர் அங்கிருந்து கிளம்பி வந்திருக்க வாய்ப்பு அதிகம். அதனால் வீட்டுப் பெரியவர்களிடம் ‘நம்ம சாஸ்தா எது?’ என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பங்குனி உத்திரத்தன்று வாடகைக் கார் கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஊருக்குள் போனதும் ‘நீங்க யாரு வீட்டுப் பிள்ளை?’ என்று கேட்பார்கள். தாத்தா பெயரும் தெருப் பெயரும் சொன்னால் போதும். நீங்களாக யாரிடமும் சாதி கேட்காதீர்கள். தெருக்கள் பிரிந்து கிடப்பதும், சேரி ஊருக்கு வெளியே இருப்பதும் கண்ணில் படும். அதற்கு ஆற்றையோ மண்ணையோ காரணம் சொல்ல முடியாது. நிலமும் தண்ணீரும் யார் கையில் இருந்தன என்பதுதான் விஷயம்.

ஓய்வுக் காலத்துக்கு மனை வாங்கும் எண்ணம் இருந்தால், நகரத்தைச் சுற்றி விற்பனைக்கு வரும் மனைகளின் பழைய கதையைக் கேளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டை (ஊரின் நில விவரப் பதிவேடு) பார்த்து, அது நீர்நிலைப் புறம்போக்கா, அதாவது குளம், வாய்க்காலுக்கான அரசு நிலமா என்று உறுதி செய்யுங்கள். மழைக்குத் தண்ணீர் எதுவரை நின்றது என்பதைப் பக்கத்து வீட்டு ஆச்சி எந்தப் புரோக்கரையும்விட உண்மையாகச் சொல்வார்.

வருவதற்கு நல்ல காலம் தை, மாசி. மழையும் ஓய்ந்திருக்கும், பிசான நெல்லும் வயலில் நிற்கும். குற்றாலம் வேண்டுமென்றால் ஆனி, ஆடி. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டி, மேலே சொன்ன அதே பாதையில் ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ரயில் பயணிகளோடு நின்றுபோனது. ஐப்பசி முதல் மார்கழி வரைக்குள் வருகிறவர்கள் விமானத்துக்கு முன் இரண்டு நாளாவது கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள்.