ரஷ்யாவுக்குப் புதிதாக வருவோருக்கு: வெக்கை, பெயர், நாட்காட்டி

குளிருக்கு ஆயத்தமாகி வருகிறவர்கள் ரஷ்யாவில் முதலில் திணறுவது வீட்டுக்குள் இருக்கும் வெக்கையில்தான். ஜனவரியில் வெளியே கழித்தல் 15 டிகிரி இருக்கும்போது விடுதி அறைக்குள் 25 டிகிரி இருக்கலாம். சன்னலுக்கு அடியில் கொதித்துக்கொண்டிருக்கும் இரும்புக் குழாய்த் தொகுதியை, அதாவது 'பதரேயா'வைக் குறைத்து வைக்கும் திருகு பழைய கட்டடங்கள் பலவற்றில் இராது. அங்கே வெப்பத்தை உண்டாக்குவது வீடு அன்று, நகரம். அனல்மின் நிலையத்தில் மின்சாரம் எடுத்த பின் எஞ்சும் வெப்பத்தை வீணாக்காமல் வெந்நீராக மாற்றி, நிலத்தடிக் குழாய்கள் வழியே வீடுகளுக்கு அனுப்பும் முறை, 1924 நவம்பர் 25 அன்று, இன்று பீட்டர்ஸ்பர்க் எனப்படும் லெனின்கிராதில், ஃபந்தான்கா ஆற்றங்கரையின் 96ஆம் எண் கட்டடத்தில் தொடங்கியது. நூறாண்டுக்குப் பின் நீங்கள் தங்கப்போகும் அறையும் பெரும்பாலும் அதே ஏற்பாட்டின் நுனியில்தான் இருக்கும்.

இதனால் மூன்று செய்திகளை வருவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது. முதலாவது, வெப்பம் நீங்கள் விரும்பும் நாளில் வராது. நாளின் சராசரி வெப்பநிலை தொடர்ந்து ஐந்து நாட்கள் 8 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகே நகரம் அதைத் திறந்துவிடும். ஆகவே செப்டம்பரில் சேரும் மாணவர்களுக்கு உண்மையான நடுக்கம் ஜனவரியில் இல்லை, வெப்பம் திறக்கப்படுவதற்கு முந்தைய அந்த ஈரமான இலையுதிர் நாட்களில்தான் இருக்கிறது. ஒரு கனத்த போர்வையைப் பெட்டியின் மேலேயே வைத்துக் கொண்டுவாருங்கள். இரண்டாவது, வெக்கை மிகுந்தால் செய்யக்கூடியது சன்னலின் மேற்பகுதியில் உள்ள சிறு கதவைத் திறப்பதே. 'ஃபோர்த்தச்கா' எனப்படும் அந்தச் சிறு சன்னலை உறைபனியிலும் திறந்து வைப்பவர்களைப் பார்த்து வியக்க வேண்டாம். அந்த அறையில் வெப்பத்தைக் குறைக்க வேறு வழியில்லை. மூன்றாவது, கோடையில் அதிகபட்சம் 14 நாட்கள் வெந்நீர் நின்றுவிடும். குளிர்காலத்தில் வெடித்தால் ஒரு குடியிருப்பே உறைந்துபோகும் என்பதால், அந்தக் குழாய்களில் கோடையிலேயே வழக்கத்தைவிடக் கூடுதல் அழுத்தம் ஏற்றிப் பலவீனமான இடங்களைக் கண்டுபிடித்துச் செப்பனிடுகிறார்கள். எந்தக் கட்டடத்துக்கு எந்தத் தேதி என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். அடுப்பில் வெந்நீர் வைத்து வாளியில் விளாவிக் குளித்து வளர்ந்த நமக்கு அந்த இரண்டு வாரங்கள் ஒரு பொருட்டே அன்று.

வெப்பத்தோடு நடந்த இந்தப் போராட்டம் ஒரு விந்தையான கருவியையும் ஈன்றது. கட்டுமானங்களின் கான்கிரீட்டில் வெப்பநிலை மாற்றத்தால் விழும் வெடிப்புகளை ஆராய்ந்த பொறியாளர் விளாதிமிர் லுக்கியானவ், 1936இல் தண்ணீரால் இயங்கும் கணிப்பொறி ஒன்றை உருவாக்கினார்: கண்ணாடிக் குழாய்களில் ஏறி இறங்கும் நீர்மட்டமே வெப்பநிலையைக் குறிக்க, கையால் தீர்க்க அரிய வகைக்கெழுச் சமன்பாடுகளின் விடையை அந்த நீர்மட்டத்திலிருந்து படித்தார்கள். பொறியியல் படிக்க வருபவர்கள் இன்னொன்றையும் மனத்தில் கொள்ளலாம். 1958இல் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் நிக்கொலாய் புருசென்த்சோவ் தலைமையில் உருவான 'செத்துன்' கணிப்பொறி, சுழியும் ஒன்றும் என்ற இரண்டு நிலைகளுக்குப் பதிலாகக் கழித்தல் ஒன்று, சுழி, ஒன்று என மூன்று நிலைகளில் எண்ணியது. ஏறத்தாழ ஐம்பது பொறிகளோடு அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாகவே இருக்கிறது.

இனி உங்கள் பெயர். ரஷ்யர் ஒவ்வொருவருக்கும் சொந்தப் பெயர், தந்தை பெயரிலிருந்து ஆக்கிய பெயர், குடும்பப் பெயர் என மூன்று உண்டு. பியோத்தரின் மகன் இவான், 'இவான் பெத்ரோவிச்'; மகள் என்றால் 'பெத்ரோவ்னா'. ஆசிரியரையும் மருத்துவரையும் இவ்விரு பெயர்களும் சேர்த்து அழைப்பதே மரியாதை. 'சார்', 'மேடம்' என்பவற்றுக்கு அங்கே இடமில்லை. 'வீ' என்பது நம் 'நீங்கள்', 'தி' என்பது நம் 'நீ'. இந்த வேறுபாட்டை நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. தந்தை பெயரைத் தலைப்பெழுத்தாகச் சுமக்கும் தமிழருக்கு இந்த மரபு உடனே பிடிபடும் என்றாலும், ஆவணங்களில் அதே தலைப்பெழுத்துதான் தொல்லை தருகிறது: விசாவில் ஒரு வரிசையும் கடவுச்சீட்டின் சான்றளித்த மொழிபெயர்ப்பில் வேறு வரிசையும் வந்தால் இரண்டும் ஒருவரே என்று நிறுவ அலைய வேண்டியிருக்கும். ழகரம் உள்ள பெயர்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். அதை நாம் ஆங்கிலத்தில் இசட், எச் என்று எழுதுகிறோம். ரஷ்ய மொழிபெயர்ப்பாளருக்கோ அந்த இரண்டெழுத்தும் 'டெலிவிஷன்' என்ற சொல்லின் நடுவே வரும் ஒலியைக் குறிப்பவை. யாழினி அங்கே ஏறக்குறைய யாஷினி ஆகிவிடுவார். முதல் மொழிபெயர்ப்பிலேயே எப்படி எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டு, பிறகு எல்லாத் தாள்களிலும் அந்த எழுத்துக்கூட்டலையே பிடித்துக்கொள்ளுங்கள்.

சில்லறைச் செய்திகள் சிலவும் உண்டு. 2022 மார்ச் முதல் வெளிநாட்டில் வழங்கிய விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் அங்கே செல்லுபடியாகா. தொடக்கச் செலவுக்குப் பணத்தைக் கையில் கொண்டுவந்து, பின் உள்ளூர் வங்கியில் 'மீர்' எனப்படும் ரஷ்யப் பண அட்டை வாங்குங்கள். வந்தவுடன் முகவரிப் பதிவைப் பற்றிப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் பிரிவிலோ வீட்டு உரிமையாளரிடமோ கேட்டு முடித்துவிடுங்கள். முதல் தளம் என்றால் தரைத்தளம். குளிர்காலத்தின் இறுதியில் கூரை விளிம்பிலிருந்து பனிக்கட்டி ஈட்டிகள் விழும். நாடா கட்டித் தடுத்த நடைபாதையில் ஒருபோதும் நுழையாதீர்கள். மேற்சட்டை வாங்கும்போது கழுத்துப் பட்டைக்குள் மாட்டும் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் தைத்துக்கொள்ளுங்கள்: பல்கலைக்கழகம், நூலகம், நாடக அரங்கு எங்கும் வாயிலில் உள்ள 'கர்தெரோப்'பில் மேற்சட்டையைக் கொடுத்துவிட்டே உள்ளே போக வேண்டும், அங்கே எல்லாம் கொக்கியில்தான் தொங்கும்.

மாஸ்கோ மெட்ரோவில் வழி தவறினால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். நகர மையம் நோக்கிப் போகும் வண்டியில் ஆண் குரலும் மையத்தைவிட்டு விலகும் வண்டியில் பெண் குரலும் நிலையப் பெயர்களை அறிவிக்கும். வட்டப் பாதையில் கடிகாரத் திசை என்றால் ஆண், எதிர்த்திசை என்றால் பெண். பார்வையற்ற ஒருவர் யாரையும் கேளாமல் தன் திசையை அறிந்துகொள்ள இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. நெடுந்தொலைவு ரயில்களைப் பற்றி மூத்த மாணவர்கள் சொல்லும் ஓர் அறிவுரை மட்டும் காலாவதியாகிவிட்டது. மாஸ்கோவைவிட ஏழு மணி நேரம் முந்திய விளாதிவொஸ்தோக்கில்கூட முன்பு பயணச்சீட்டில் மாஸ்கோ நேரமே இருந்தது. 2018 ஆகஸ்டு 1 முதல் அந்தந்த ஊரின் நேரமே அச்சாகிறது.

நாட்காட்டியிலும் ஒரு பழைய மடிப்பு இருக்கிறது. 1918இல் ஜனவரி 31க்கு மறுநாளை பிப்ரவரி 14 என்று அறிவித்து ரஷ்யா புதிய நாட்காட்டிக்கு மாறியது, திருச்சபை மாறவில்லை. அதனால் அக்டோபர்ப் புரட்சியின் நாள் நவம்பர் 7இலும் கிறிஸ்துமஸ் ஜனவரி 7இலும் வருகின்றன, ஜனவரி 13 இரவில் 'பழைய புத்தாண்டு' கொண்டாடப்படுகிறது. விடிந்தால் நமக்குப் பொங்கல், அல்லது அதற்கு முந்தைய நாள். பொங்கல் வைக்க, மத்திய ஆசிய வணிகர்களின் கடைகளில் 'மாஷ்' என்று கேட்டால் பச்சைப் பயறும், 'ஸீரா' என்று கேட்டால் சீரகமும் கிடைக்கும். பயறு தோலோடு இருக்கும் என்பதால் முந்தைய இரவே ஊறப்போட்டுக் காலையில் கசக்கித் தோலைக் களைய வேண்டும். எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் குண்டரிசி அதோடு நன்றாகக் குழையும்.